மச்சம், கால் அடி, தோல் புற்றுநோய்: மலையகத்தில் நாம் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி, 2024 பெப்ரவரி 11

கனடாவில் இருக்கும் என் தங்கச்சிக்கு (சித்தப்பா மகள்) முதுகில் இருந்த ஒரு மச்சத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளாஸ்டிக் நீவஸ், நடுத்தரம்' என்று வந்ததாம். இப்போது போன் எடுக்கும்போதெல்லாம் "நீங்களும் உடம்பைப் பாருங்க" என்கிறாள். நாங்கள் பண்டாரவளைப் பக்கம். அம்மாவுக்கு முகமெல்லாம் சின்னச் சின்ன மச்சம், எனக்கு முதுகில் கொஞ்சம். கறுப்புத் தோல்காரருக்குத் தோல் புற்றுநோயெல்லாம் வராது என்றுதான் இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், பெப்ரவரி 11, இரவு

வராது என்பது சரியில்லை. நம்மிடம் அரிதாக வருகிறது, அவ்வளவுதான். வரும்போது முதுகிலும் முகத்திலும் வருவது குறைவு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி, இந்த மூன்று இடங்களில்தான் அதிகம். என் பெரியம்மாவை இதில்தான் பறிகொடுத்தோம். அதைத் தனியாக எழுதுகிறேன், இன்றைக்கு முடியாது.

உங்கள் அம்மாவின் முகத்தில் இருப்பவை கடுகளவில், மேடாக, கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும், வயது ஏற ஏறக் கூடிக்கொண்டு வந்தவை என்றால் பெரும்பாலும் அவை மச்சமே இல்லை. கறுப்புத் தோல் உள்ளவர்களுக்குக் குடும்ப வழியில் வரும் சிறு தோல் தடிப்புகள். அவை புற்றுநோயாவதில்லை. ஒரு தடவை தோல் வைத்தியரிடம் காட்டி உறுதி செய்துகொண்டால் அம்மா நிம்மதியாக இருப்பார்.

பெப்ரவரி 13

கனடாத் தங்கச்சியின் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். சாதாரண மச்சம் ஒரே நிறத்தில், ஓரம் தெளிவாக, சின்னதாக இருக்கும். இயல்பு மீறிய மச்சம் 5 மில்லிமீற்றரைத் தாண்டியிருக்கும், ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தோலோடு மங்கிப் போகும், ஒன்றிலேயே இரண்டு மூன்று நிறம் இருக்கும். நடுவில் மேடாகவும் சுற்றிவரத் தட்டையாகவும் பொரித்த முட்டை போல இருப்பதும் உண்டு. அதைத்தான் டிஸ்பிளாஸ்டிக் என்று எழுதுகிறார்கள்.

அது புற்றுநோய் இல்லை. அப்படிப்பட்ட மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை ஆயுளுக்கும் மச்சமாகவே இருந்துவிடும். மெலனோமா என்கிற அந்தப் பொல்லாத தோல் புற்றுநோயில் பத்தில் மூன்று அளவுதான் ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து கிளம்புகிறது. மற்றவை வெறும் தோலில் புதிதாக முளைக்கின்றன. ஆகவே உடம்பிலுள்ள எல்லா மச்சத்தையும் பயந்து வெட்டி எடுப்பதில் பிரயோசனம் இல்லை. இயல்பு மீறிய மச்சம் நிறைய இருப்பது, இந்த ஆளின் தோலைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம். ஒன்று இரண்டு இருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏராளமாக இருந்து, குடும்பத்தில் யாருக்காவது மெலனோமாவும் வந்திருந்தால்தான் ஆபத்து உண்மையில் ஏறுகிறது.

இந்தக் குடும்பத் தொடர்பைக் கண்டவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. 1820இல் இங்கிலாந்தில் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரில் பொது வைத்தியராக இருந்த வில்லியம் நொரிஸ், தன்னிடம் வந்த ஒரு மெலனோமா நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதருடைய தகப்பனும் இதே நோயில் இறந்தவர். பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் உடம்பில் நிறைய மச்சம். நோயாளியை மட்டும் பார்க்காமல் குடும்பத்தையே பார்த்ததால்தான் அவருக்கு அது தெரிந்தது. 1978இல் அமெரிக்காவில் வொலஸ் கிளார்க் என்பவரின் குழு இதே விஷயத்தை விரிவாக ஆராய்ந்து, இரண்டு குடும்பங்களின் முதலெழுத்தை வைத்து அந்த மச்சங்களுக்கு 'பி-கே மச்சம்' என்று பெயர் வைத்தது. நடுவில் 158 வருடம்.

தங்கச்சியிடம் ஒன்று கேளுங்கள்: வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்தது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா? நடுத்தரம் என்று வந்து ஓரமும் சுத்தம் என்றால் பெரும்பாலும் அதற்கு மேல் வெட்டுவதில்லை, அவ்வப்போது பார்த்துக்கொள்வார்கள். கடுமையானது என்று வந்தால்தான் இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டுவார்கள். இந்தத் தரம் பிரிப்பதில் ஆய்வுகூட வைத்தியர்களுக்குள்ளேயே சில சமயம் கருத்து வேறுபடும். அதனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெப்ரவரி 18

பெரியம்மா. அம்மாவின் அக்கா. ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். எங்கள் மலை செங்குத்தானது. அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரமும் உப்பும் தேய்த்துக்கொண்டு போவார். மழை நாளில் செருப்பு வழுக்கும் என்று கழற்றிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நிரையில் ஏறுவார். குதிங்காலில் வெடிப்பு, வெடிப்புக்குள் மண், அதற்கு மேல் தழும்பு. அந்தக் காலில் ஒரு கறுப்புத் தடம் இருந்தது யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரிந்திருந்தது. முள் குத்தின கறை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அது புண்ணானது. சீனி வருத்தக்காரிக்குக் காலில் புண் ஆறாமலிருப்பது புதிதா? தோட்டத்து மருந்துக்காம்பராவில் மருந்து கட்டினார்கள். மாசக்கணக்காகக் கட்டினார்கள். ஒருவர் கால் ஆணி என்றார், ஒருவர் சீனிப் புண் என்றார், சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியபோது, புண் இருந்தால் நெறி கட்டும்தானே என்று வீட்டிலும் இருந்துவிட்டோம். அந்தப் புண்ணின் விளிம்பு கறுப்பாக, ஒரு பக்கம் மை ஊறினமாதிரி வெளியே பரவியிருந்ததை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். பார்த்தும் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர்தான் கட்டை அவிழ்த்தவுடன் குனிந்து விளிம்பைப் பார்த்தார். சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அப்புறம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி.

மகரகம என்று சொன்னாலே எங்கள் லயத்தில் வாயில் கை வைப்பார்கள். அங்கே போனால் திரும்ப மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். போகிறவர்கள் கடைசியில் போவதால் வந்த பேச்சு அது. பெரியம்மாவும் கடைசியில்தான் போனார்.

மெலனோமாவில் எல்லாம் தடிப்பைப் பொறுத்தது. தோலின் மேலிருந்து எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று உருப்பெருக்கியில் அளப்பார்கள். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ கொண்டுவந்த அளவு அது, இன்றைக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு மில்லிமீற்றருக்குள் இருந்தால் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் சேர்த்து வெட்டி எடுப்பதோடு பெரும்பாலானவர்களுக்கு முடிந்துவிடும். நோய் பரவி நெறி கட்டும் வரை விட்டால் அது வேறு கதை.

பெப்ரவரி 19

செருப்பு போடாததால்தான் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. உள்ளங்காலில் வருவதற்கு வெயில் காரணமில்லை. அழுத்தம் விழும் இடங்களில் அதிகம் வருவதால், அழுத்தமும் திரும்பத் திரும்பப் படும் காயமும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள், முடிவாகவில்லை. சப்பாத்துப் போட்டு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் இது வந்திருக்கிறது. பெரியம்மாவின் வெறுங்காலின்மேல் பழியைப் போட எனக்கு விருப்பமில்லை. அந்த மலையில் அந்தச் செருப்போடு யாராலும் நிற்க முடியாது.

பெப்ரவரி 20

பாடகர் பொப் மார்லிக்கு வந்ததும் இதுதானா என்று கேட்ட தம்பிக்கு: ஆமாம், அதே வகை மெலனோமாதான். கால் பெருவிரல் நகத்துக்கு அடியில். 1977இல் கண்டுபிடித்தார்கள், அதுவரை பந்து விளையாடியபோது பட்ட அடி என்றே நினைத்திருந்தார்கள். விரலை எடுக்கச் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே மாதம் இறந்தபோது வயது 36. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் ஓடும் ஆட்டோக்களில் பாதியில் அவருடைய படம் ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டின பொடியன்களுக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மார்ச் 3

நகம். இதை எழுதாமல் இருந்தால் பாதிதான் எழுதினதாகும்.

கொழுந்து எடுக்கிற கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் சந்திக்கிற இடத்தில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப் போயிருக்கும். காய்ந்த பிறகு விரல் நுனி வெடித்து, அந்த வெடிப்புக் கோடுகளும் கறுப்பாக நிற்கும். நகத்தின் ஓரம், நகச்சதை எல்லாம் கறை. தேசிக்காய் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. வேலையை விட்டு ஓய்வுபெற்று மாசக்கணக்கான பிறகுதான் அம்மாவின் விரல் நிறம் எனக்கே தெரிந்தது. இந்தக் கறைக்கு நடுவே நகத்தில் ஒரு கறுப்புக் கோடு வந்தால் யார் கவனிப்பார்கள்?

நகத்தின் அடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் பழுப்பாகவோ கறுப்பாகவோ கோடு விழுவது நம் தோல் நிறக்காரருக்கு மிகச் சாதாரணம். பல விரல்களில், மெல்லிசாக, வருடக்கணக்காக அப்படியே இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கு ஒரே ஒரு நகத்தில், அதுவும் கைக் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ புதிதாக வந்து, 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாகி, கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண் தோலிலும் ஏறினால் அன்றைக்கே புறப்பட வேண்டும். அந்தத் தோலில் ஏறும் கறுப்புக்கு ஹட்சின்சன் அடையாளம் என்று பெயர்.

கல் விழுந்து இரத்தம் கட்டிய நகமும் கறுப்பாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரத்தக் கட்டு நகம் வளர வளர நுனிப் பக்கம் நகரும், அடியில் நல்ல நகம் தெரிய ஆரம்பிக்கும். கைநகம் மாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வளரும், கால்நகம் அதில் பாதி அளவு. மாசங்கள் போயும் அடியிலிருந்து கறுப்பு வந்துகொண்டே இருந்தால் அது அடிபட்ட நகமில்லை.

மார்ச் 5

கறையைக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பீலியில் துணி துவைத்து முடிந்த நேரம் நல்லது. சவர்க்காரத் தண்ணீரில் ஊறி நகம் அப்போது சுத்தமாக இருக்கும்.

மார்ச் 24, போயா

நுவரெலியாவில் வெயிலே சுடாது, அங்கே எப்படித் தோல் கெடும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுடுவது வேறு, புற ஊதாக் கதிர் வேறு. உயரம் ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து வீதம் கூடும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். அதோடு நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கில் இருக்கிறோம், ஏப்ரல் முதல் வாரத்தில் மத்தியானச் சூரியன் நேர் தலைக்கு மேல். குளிர் காற்று அடிப்பதால் தோல் எரிவது தெரியாது. மெல்லிய முகில் இருந்தாலும் கதிரில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

நம் தோலின் நிறம் இதற்கு நல்ல காவல். ஆனால் அந்தக் காவல் இல்லாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். பிறவியிலேயே நிறமி இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள். என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஏப்ரல் வெயிலில் விளையாட்டுப் போட்டிப் பயிற்சி முடிந்து வந்தால் மூக்கும் காதும் சிவந்து தோல் உரிந்திருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம், மெலனோமாவை விட மற்ற வகைகள். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, மைதான வேலை காலையிலோ பின்னேரமோ. கண் பார்வையும் குறைவாக இருக்கும் என்பதால் முன் வாங்கு. இது பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது. சீருடைக்கு மேல் தொப்பி போடக் கூடாது என்று அந்தப் பிள்ளையை வெயிலில் நிற்க வைத்தவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

மார்ச் 29

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து மச்சத்தில் வைத்தால் உதிர்ந்துவிடும் என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அது தோலை வேகவைக்கும். சாதாரண மச்சமாக இருந்தால் தழும்போடு போகும். கெட்டதாக இருந்தால் மேலே இருப்பது கருகிப் போய், அடியில் இருப்பது அப்படியே இறங்கிக்கொண்டிருக்கும். அழகு நிலையங்களில் மின்சாரத்தால் சுட்டு எடுப்பதும் அதே கதைதான். பரிசோதனைக்கு அனுப்ப ஒரு துண்டுகூட மிஞ்சாது. எடுப்பதானால் கத்தியால் எடுத்து, எடுத்ததைப் போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கத்தி பட்டால் பரவும் என்று இன்னொருவர். பெரியம்மாவிடமும் இதைச் சொன்னார்கள், அந்தப் பயத்திலேயே அவர் கிளினிக்கைத் தள்ளிப்போட்டார். துண்டு எடுத்துப் பார்ப்பதால் மெலனோமா பரவுவதில்லை. காலம் கடத்தினால் பரவும்.

உள்ளங்காலில் மச்சம் இருந்தால் வெளிநாடு போவார்கள் என்பதும் வந்துவிட்டது! எங்கள் அம்மா இதைத்தான் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். தன் மச்சம் தன்னைப் பதுளைக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

ஏப்ரல் 21

அம்மாவின் உள்ளங்கால் மச்சத்தை இந்த மாசம் காட்டினோம். பெரியம்மாவுக்குப் பிறகு எனக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மா வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். புதுவருசம் முடியட்டும் என்றார். சரி, முடிந்தது, கூட்டிப் போனேன்.

கிளினிக்கில் மிஸ்ஸி காலைக் கழுவச் சொன்னார். டொக்டர் பாதத்தில் கொஞ்சம் ஜெல் தடவி, வெளிச்சம் உள்ள ஒரு சிறு கண்ணாடியை மச்சத்தின்மேல் வைத்து, அதைத் தன் போனில் பெரிதாக்கி எங்களுக்குக் காட்டினார். உள்ளங்காலில் ரேகைகள் ஓடுகின்றன இல்லையா, மேடும் பள்ளமுமாக. அம்மாவின் மச்சத்தில் பழுப்பு நிறம் பள்ளங்களில் மட்டும் மெல்லிய கோடுகளாக ஓடியது. மேடுகளில் வெள்ளைப் புள்ளிகள், அவை வேர்வைத் துளைகள். நிறம் பள்ளத்தில் இருந்தால் பெரும்பாலும் நல்ல மச்சம். மேடுகளில் பட்டை பட்டையாக ஏறியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஜப்பானிய வைத்தியர்கள் கண்டுபிடித்துச் சொன்ன வித்தியாசம் இது என்றார். அங்கேயும் உள்ளங்கால் வகைதான் அதிகமாம்.

வெட்டத் தேவையில்லை, அளவு குறித்து வைத்திருக்கிறோம், மாறினால் வாருங்கள் என்றார். அம்மா வெளியே வந்து கடையில் வடையும் பிளேன்ரீயும் வாங்கித் தந்தார். பெரியம்மாவின் காலுக்கு மேல் ஒருவரும் அந்தக் கண்ணாடியை வைக்கவில்லை என்பதை நினைத்தபோது வடை இறங்கவில்லை.

மே 5

இரண்டு கிழமையாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "அன்றைக்கே புறப்பட வேண்டும்" என்று நான் மேலே எழுதியிருக்கிறேன். மாசச் சம்பளக்காரிக்கு அது சுலபமான வசனம். மலையில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போச்சு. முதல் நாள் ஓ.பி.டி., அங்கிருந்து தோல் கிளினிக்குக்கு இன்னொரு திகதி, துண்டு எடுக்க ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான், பஸ் காசும் போன பேரும் இலவசமில்லை. பெரியம்மா தள்ளிப்போட்டதில் பாதி அதனால்தான்.

ஆகவே யார் போக வேண்டும் என்பதைச் சுருக்கிச் சொல்வது என் கடமை என்று படுகிறது. எல்லா மச்சக்காரரும் வரிசையில் நிற்க வேண்டாம். உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ புதிதாக வந்த அல்லது பெருத்துவருகிற கறுப்புத் தடம், முன்னே சொன்ன மாதிரி ஒற்றை நகக் கோடு, மருந்து கட்டியும் ஒன்றரை இரண்டு மாசத்தில் ஆறாத கால் புண், மற்ற மச்சங்களோடு சேராமல் தனியாக மாறிக்கொண்டிருக்கும் ஒரு மச்சம். இவர்கள் பேர் போனாலும் போக வேண்டும். கால் புண்ணுக்குப் போகிறவர்கள் "சீனிப் புண்" என்ற பதிலோடு திரும்பாமல், "விளிம்பில் கறுப்பு இருக்கு, ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பீங்களா டொக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. கறுப்பே இல்லாமல் சிவப்பாக, சதை வளர்ந்த மாதிரி வரும் மெலனோமாவும் உண்டு. அதனால் ஆறாத புண் என்றால் நிறம் எதுவானாலும் கேளுங்கள்.

தோட்டத்தில் புண்ணுக்கு மருந்து கட்டும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால்: கட்டை அவிழ்க்கும் ஒவ்வொரு தடவையும் விளிம்பை ஒரு தடவை பாருங்கள். உங்களைவிட அந்தக் காலை அதிகம் பார்ப்பவர் யாரும் இல்லை.

மே 9

தன் உள்ளங்காலைத் தானே எப்படிப் பார்ப்பது என்று கேட்ட அக்காவுக்கு. முட்டி மடங்காதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைப் பிடிக்கலாம். வீட்டுக்குள் லைட் வெளிச்சம் போதாது, வாசலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். ஏதாவது இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்துப் போனில் படம் எடுத்து, திகதியையும் எழுதி வையுங்கள். மூன்று மாசம் கழித்து அதே குற்றியோடு இன்னொரு படம். ஆனால் தடம் ஏற்கெனவே பெருத்துக்கொண்டு வருவது தெரிந்தால் அந்த மூன்று மாசமும் வேண்டாம். படத்தை எடுத்துக்கொண்டு நேரே போங்கள், வைத்தியருக்கு அந்தப் படமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.